கறுப்புக்கல்லும் வெள்ளைக்கல்லும்

வெள்ளைக்கல் கடைக்கு வந்தது 1994 ஜூன் மாதத்தில், ஒரு திங்கட்கிழமை. மதராஸிலிருந்து வந்த விற்பனைக்காரர் இரண்டு கற்களை மேசைமேல் வைத்தார். ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், பிடித்தால் ஆர்டர் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டு அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம், ஒரு அங்குல கனம். அலுமினாத் தூளை அச்சில் அழுத்திச் சுட்டு எடுத்தது. சவரக்கத்தி தீட்டுவதற்கென்றே செய்த கல்.

எங்கள் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ரம்பம், உளி, அரம், ஆணி, சாணைக்கல் எல்லாம் விற்போம். முதலாளி ஜினராஜ் ஆரணிப் பக்கத்துச் சமணர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு கடை என் பொறுப்பு.

"தசரதா, உன் மச்சான் கோயில்ல மொட்டை போடற இடத்துலதான இருக்கார்? அவர் கையில குடுத்துப் பாரு. அவர் நல்லா இருக்குன்னு சொல்லிட்டா மத்தவங்க தானா வருவாங்க" என்றார் முதலாளி.

"அவர் அவ்ளோ சீக்கிரம் எதையும் நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டாருங்க."

"அதனாலதான் சொல்றேன். நீ பிசிக்ஸ் படிச்சவன். அவங்க வச்சிருக்கற கல்லு, இந்தக் கல்லு, ரெண்டையும் ஒழுங்கா ஒப்பிட்டுப் பாத்து எழுதிக் குடு."

ஒரு கல்லைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டேன்.

என் மனைவி உண்ணாமலை இறந்து அப்போது இருபது மாதம் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். குழந்தை கவிநிலாவுக்கு அப்போது பதினொரு மாதம். காரியம் முடிந்த அன்று உண்ணாமலையின் அண்ணன் பலராமன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடி அண்ணாமலையில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனார். அவருக்கும் அவர் மனைவி வேதாவுக்கும் குழந்தை இல்லை. நான் வேங்கிக்காலில் ஓர் அறை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டேன். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். சில மாதம் அதுவும் இல்லை. போனால் குழந்தை வேதாவின் புடவைக்குப் பின்னால் போய்விடும். பத்து நிமிடம் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்துவிடுவேன். இதில் வருத்தப்பட்டேன் என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில் எதிலும் அப்படி ஒன்றும் தோன்றவில்லை.

கடை மதியம் ஒன்றரைக்கு மூடி நாலு மணிக்குத் திறக்கும். பலராமன் விடியற்காலையில் கோயிலுக்குப் போய் ஒரு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். ஆகவே மதியத்தில் போனேன். அவர் பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்ள. இன்னா, குளிக்க சோப்பு கொண்டாந்துக்கிறீங்க?"

"கத்தி தீட்டற கல்லு மச்சான். மிஷின்ல செஞ்சது."

"மிஷினுக்கு தாடி வளருதா?"

அவர் தன்னுடைய கல்லை எடுத்துக் காட்டினார். ஒரு ஜாண் நீளம். கறுப்பு, ஈரம் பட்டால் கொஞ்சம் பச்சை தெரியும். மலையிலிருந்து பாளமாக வெட்டி எடுத்த இயற்கைக் கல். அவர் அப்பா ஏதோ சந்தையில் வாங்கியது. எந்தச் சந்தை என்று யாருக்கும் தெரியாது. கத்தியும் அவர் அப்பாவுடையதுதான். கொம்புப் பிடி, கனத்த முதுகு. கத்தியின் நுனியை மூக்கு என்பார், பிடிப் பக்கத்தை அடி என்பார்.

என் அப்பாவும் கீழ்பென்னாத்தூரில் சலூன் வைத்திருந்தவர். ஆனால் என்னைக் கத்தியைத் தொட விட்டதில்லை. படி என்றார். படித்தேன். அதனால் கத்தியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பார்த்துத் தெரிந்ததுதான். முதுகும் கூரும் ஒரே நேரத்தில் கல்லில் படும்படி படுக்க வைத்து, கூர் முன்னே போகும்படி தள்ள வேண்டும். முடிவில் முதுகின்மேல் புரட்டி, திருப்பி இழுக்க வேண்டும். பிறகு தோல் வாரில் இழுத்தால் பதம் வந்துவிடும்.

மூன்று வாரம் வாரத்துக்கு மூன்று மதியம் போனேன். ஒரு நாள் கறுப்புக்கல், மறுநாள் வெள்ளைக்கல் என்று மாற்றி மாற்றித் தீட்டச் சொன்னேன். எத்தனை இழுப்பில் பதம் வருகிறது, ஒரு தீட்டலில் எத்தனை தலை தாங்குகிறது என்று குறித்துக்கொண்டேன். பலராமன் முதலில் கேலி செய்தாலும் கணக்கை ஒழுங்காகச் சொன்னார்.

வெள்ளைக்கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பிறகு பதினைந்து இழுப்பு போதும். கறுப்புக்கல்லுக்கு மேலே நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் போதும், ஆனால் நாற்பது இழுப்பு வேண்டும். வெள்ளைக்கல்லில் தீட்டிய கத்தி ஏழு தலைக்குத் தாங்கியது. கறுப்புக்கல்லில் தீட்டியது பதினொன்று. வெள்ளையில் தீட்டினால் முடி எடுக்கும்போது சத்தம் கேட்கும். மொட்டை போட்டுக்கொண்டவர் எரிகிறது என்பார். கறுப்பில் சத்தமே இருக்காது. ஆனால் கறுப்புக்கல்லின் ஒரு மூலையில் கெட்டியான நரம்பு ஒன்று ஓடியது. அதில் பட்டால் கூர் சில்லு பெயர்ந்துவிடும். பலராமனின் கை அந்த இடம் வரும்போது தானாக ஒதுங்கிப் போனது. ஒதுங்குகிறது என்று நான் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"இந்த வெள்ளக்காரன் எங்க தொட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கான். கோவமும் இல்ல, சந்தோஷமும் இல்ல" என்றார். "உங்கள மாதிரி மாப்ள."

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ போனபோது குழந்தை பக்கத்தில் வந்து நின்றது. வெள்ளைக்கல்லைப் பேசின் தண்ணீரில் போட்டிருந்தேன். அதிலிருந்து குமிழ் வந்துகொண்டிருந்தது.

"இன்னா பண்ணுது?" என்றாள்.

"கல்லு தண்ணி குடிக்குது."

குமிழ் நிற்கும்வரை குந்தி உட்கார்ந்து பார்த்தாள். அடுத்த முறை நான் சைக்கிளை நிறுத்தும்போதே உள்ளே ஓடினாள். "அத்த, கல்லு மாமா வந்துட்டாரு."

"மாமா இல்லடி. அப்பா. அப்பா சொல்லு" என்றாள் வேதா.

"கல்லு மாமா."

பலராமன் சிரித்தார். வேதா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்குத்தான் வேதா விஷயத்தைச் சொன்னாள். காபி டம்ளரைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். இவளுக்கு மூணாவது வயசு நடக்குது. மொத வயசுல போட்டிருக்க வேண்டிய மொட்டை. அந்த வருஷம் நல்ல காரியம் கூடாதுன்னு விட்டாச்சு. ஆனி இருவத்தாறு ஞாயித்துக்கிழம நாள் நல்லா இருக்கு. ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சிடலாம்."

"முடிச்சிடலாம்."

"அது முடிஞ்சதும் அவ பேர எங்க ரேஷன் கார்டுல ஏத்திடலாமா? உங்க கார்டுலேந்து எடுக்கறதுக்கு நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதுமாம். பள்ளிக்கூடத்துல சேக்கறப்பவும் இவர் பேரயே தகப்பன்னு குடுத்துடலாம். நாளைக்கு நீங்க இன்னொரு கல்யாணம் பண்ணிக்கினாலும் உங்களுக்கு ஒரு தொந்தரவு இருக்காது." பேசி முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பலநாள் மனப்பாடம் செய்து வைத்திருந்தது போலச் சொன்னாள்.

கேட்டது நியாயம்தான். இருபது மாதம் வளர்த்தவள் அவள். உடனே சரி என்று சொல்லியிருக்கலாம்.

"மொட்டை அன்னிக்கு சொல்றேன்" என்றேன்.

"அன்னிக்கே கையெழுத்து போட்டுடுங்க. காயிதத்த நான் எழுதி வாங்கி வைக்கிறேன்."

மொட்டைக்குக் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைக்க வேண்டும். தாய்மாமன் பலராமன் ஒருவர்தான். நன்றாக மொட்டை போடுகிறவரும் அவர்தான். ஒரே ஆள் மடியும் கொடுத்துக் கத்தியும் பிடிக்க முடியாது. ஆகவே பலராமன் உட்காருவது, பலராமனின் கத்தியை அவரோடு வேலை செய்யும் அன்பரசன் பிடிப்பது என்று முடிவானது. பாதி பிளேடு செருகும் கத்திகள் அப்போதே வந்துவிட்டன. அன்பரசனே அதில்தான் வேலை செய்தான். ஆனால் உண்ணாமலைக்கு முதல் மொட்டை போட்டது இந்தக் கொம்புப்பிடிக் கத்தி. அவள் கர்ப்பமாக இருந்தபோதே, பெண்ணோ பையனோ எங்கப்பா கத்தியில்தான் போட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். வேறு எதையும் அவள் அப்படிக் கேட்டு எனக்கு நினைவில்லை.

ஜூன் கடைசியில் சொந்தத்தில் ஒரு சாவு என்று பலராமன் கீழ்பென்னாத்தூர் போனார். கத்தியை எடுத்துக்கொண்டார். கல்லை வைத்துவிட்டுப் போனார். நாலு நாள் ஆகும் என்றாள் வேதா.

நான் கறுப்புக்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கடையிலிருந்து கொண்டுபோயிருந்த இரும்பு ஸ்கேலை அதன் மேல் வைத்தேன். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. மூன்று தபால் கார்டுகளை அடுக்கி அந்த இடைவெளியில் செருக முடிந்தது. இத்தனை வருடம் தீட்டித் தீட்டி நடுவில் குழி விழுந்திருந்தது. வெள்ளைக்கல் சமமாக இருக்கிறது, இது குழியாக இருக்கிறது. இரண்டையும் வைத்து எடுத்த கணக்கு எப்படிச் சரியாகும் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் சரிபண்ணிக் கொண்டாந்துடறேன் வேதா."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"வர்றதுக்குள்ள வந்துடும்."

கடையின் பின்பக்கம் கனமான கண்ணாடித் தட்டு ஒன்று இருந்தது. அதில் கார்போரண்டம் சாணைப்பொடியைத் தூவித் தண்ணீர் விட்டு, கல்லைக் கவிழ்த்துத் தேய்த்தேன். மூன்று மதியம். கையில் சாம்பல் நிறச் சேறு ஒட்டிக்கொண்டே இருந்தது. அந்த மூன்று மதியமும் ஆஸ்பத்திரி ஞாபகம் வரவில்லை. மூன்றாம் நாள் ஸ்கேலை வைத்தால் எந்தப் பக்கமும் வெளிச்சம் இல்லை. ஜினராஜ் வந்து தடவிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி பண்ணிட்டியே. உன் மச்சான் சந்தோஷப்படுவார்" என்றார்.

பலராமன் ஜூலை நாலாம் தேதி வந்தார். கல்லின் மேல் பெருவிரலை ஓட்டினார். வழக்கம்போல நாற்பது இழுப்பு தீட்டினார். கத்தியின் நடுப்பகுதியை முன்கையில் வைத்து முடியை எடுத்துப் பார்த்தார். எடுத்தது. வாரில் இழுத்து மூடினார். நானும் கடைக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் மதியம் போனபோது அவர் என்னை வாங்க என்று சொல்லவில்லை.

"விழுப்புரத்துக்காரர் ஒருத்தர். மூணாவது தல. காதுக்குப் பின்னாடி கத்தி மூக்க வச்சு இழுக்கறேன், முடி வரல, வழுக்கிக்கினு போயி காத கிழிச்சிடுச்சு. பத்து பேர் எதிர்ல அன்பரசன் கேக்கறான், இன்னா பலராமா, மொட்டையோட காதுகுத்தும் சேத்தே பண்றியான்னு." கத்தியைத் திறந்து என் முன்னால் நீட்டினார். "நடுவுல இருக்கற பதம் மூக்குல இல்ல, அடியில இல்ல. கல்ல இன்னா பண்ணீங்க?"

"சமமாக்கினேன் மச்சான். நடுவுல குழியா இருந்துச்சு."

"குழியா இருக்குன்னு எனக்குத் தெரியாதா? எனக்குக் கண்ணு இல்லியா? நேத்து வந்த நீங்கதான் கண்டுபுடிச்சீங்களா?"

"ரெண்டு கல்லும் ஒரே மாதிரி இருந்தாதான ஒப்பிட முடியும்னு..."

"நல்லா ஒப்பிட்டீங்க. காலேஜ்ல மூணு வருஷம் இததான் சொல்லிக் குடுத்தாங்களா, அடுத்தவன் கல்ல சொல்லாம எடுத்துக்கினு போய் சீவறதுக்கு?"

அவர் கத்தியை மூடினார்.

"ஞாயித்துக்கிழமைக்கு இந்தக் கத்தி வேணாம். அன்பரசன் பிளேடு கத்தியிலயே போட்டுடட்டும். குழந்த தலையில நான் பரீட்ச பண்ண மாட்டேன்."

"உண்ணாமலை கேட்டாளேங்க" என்றாள் வேதா வாசற்படியிலிருந்து.

"அவதான் இல்லியே. இருந்தா இவர் இப்டி கல்ல சீவிக்கினு திரிவாரா?"

பலராமன் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்று மாலை கடையில் யோசித்தேன். அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது கத்தியை ஒரு அட்டையின் மேல் வைத்துப் பென்சிலால் அதன் கூரைச் சுற்றி வரைந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். வேதாதான் கத்தியை எடுத்துக் கொடுத்தாள். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் கூர் நேர்க்கோடாக இல்லை. நடுவில் லேசாகப் புடைத்து, இரண்டு முனையிலும் பின்வாங்கியிருந்தது. குழிந்த கல்லில் இருபது வருடம் தீட்டினால் கத்தி புடைக்கத்தான் செய்யும். கல்லின் குழியும் கத்தியின் புடைப்பும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன. நான் கல்லை மட்டும் நேராக்கிவிட்டேன். இப்போது கத்தியை அதில் வைத்தால் நடுப்பகுதி மட்டும்தான் படும். இது பட்டப்படிப்புக்கு உண்டான விஷயமே இல்லை. ஒரு தட்டின்மேல் கரண்டியை நிமிர்த்தி வைத்தால் தெரிந்துவிடும்.

குழியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கத்தியை நேராக்கலாம், ஆனால் நிறைய இரும்பு போய்விடும். அதற்கு நாளும் இல்லை. வெள்ளைக்கல்லை மேசைமேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். படுக்க வைத்தால் இரண்டு அங்குலம். பக்கவாட்டில் நிறுத்தினால் ஒரு அங்குலம்தான். அகலமான கல்லில்தான் புடைத்த கத்தி நடுவில் முட்டுகிறது. குறுகலான கல்லில், கையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டே இழுத்தால், அடியிலிருந்து மூக்குவரை ஒவ்வொரு இடமாகப் பட்டுக்கொண்டு போகும்.

புதன்கிழமை மதியம் போனேன். பலராமன் பாயில் படுத்திருந்தார்.

"இன்னிக்கு இன்னாத்த சமமாக்க வந்துக்கிறீங்க?"

"அஞ்சு நிமிஷம் மச்சான். சரியா வரலன்னா போயிடறேன்."

வெள்ளைக்கல்லை இரண்டு செங்கல்லுக்கு நடுவில் பக்கவாட்டில் நிறுத்தி, ஆடாமல் இருக்கத் துணி செருகினேன். விஷயத்தைச் சொன்னேன். அட்டையில் வரைந்ததைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. கத்தியை வாங்கி நாலு இழுப்பு இழுத்தார். கை தடுமாறியது. மறுபடி இழுத்தார். ஐந்தாறு இழுப்புக்குப் பிறகு மணிக்கட்டு தானாகச் சாய ஆரம்பித்தது. அதற்குமேல் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கத்தி மூக்கை முன்கையில் வைத்தார். முடி வந்தது. அடியை வைத்தார். வந்தது.

"மொறமொறன்னு எடுக்குது. குழந்தைக்கு ஆவாது" என்றார். கறுப்புக்கல்லைப் பார்த்தார். "கறுப்புக்கல்லோட பக்கத்த தொட்டீங்களா?"

"தொடல."

"பொழச்சீங்க."

கறுப்புக்கல்லை அவரே பக்கவாட்டில் நிறுத்தினார். அந்தப் பக்கம் சொரசொரப்பாக இருந்தது. வெள்ளைக்கல்லாலேயே அதைத் தேய்த்து வழவழப்பாக்கினார். நரம்பு ஓடும் மூலை எது என்று விரலால் தேடிக் கண்டுபிடித்து, அந்த முனையைத் தனக்கு எதிர்ப்பக்கம் வைத்துக்கொண்டார். அன்று கொஞ்சம், வியாழக்கிழமை கொஞ்சம் என்று வேலை நடந்தது. நான் தண்ணீர் தெளித்தேன். வெள்ளிக்கிழமை அந்தக் கத்தியைக் கோயிலுக்கு எடுத்துப் போனார். மதியம் வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது, "பதினாலு தல" என்றார். ரத்தம் வந்ததா என்று நான் கேட்கவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை ஜினராஜிடம் எழுதிய தாள்களைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் படித்தார்.

"ரெண்டு பக்கம் எழுதிக்கிற. வாங்கலாமா, வேணாமா?"

"வாங்கலாங்க. சீக்கிரம் பதம் வர்றதுக்கு இது. முடிக்கறதுக்கு அவங்கவங்க பழைய கல்லு. ஒரு அங்குல அகலத்துல கெடைக்குமான்னு கேளுங்க. இங்க எல்லார் கத்தியும் புடைச்சிதான் இருக்கும்."

"அத மொதல்லயே ஒரு வரியில எழுதியிருக்கலாம்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு நாங்கள் கோயிலில் இருந்தோம். கூட்டம் கம்மிதான். பலராமன் குளித்துப் புது வேட்டி கட்டியிருந்தார். வேதா குழந்தைக்கு மஞ்சள் பாவாடை போட்டிருந்தாள். வேதாவின் இடுப்பில் ஒரு மடித்த காகிதம் செருகியிருந்தது. எனக்குத் தெரியட்டும் என்று செருகியதாக இருக்காது. ஆனால் தெரிந்தது. அதில் கையெழுத்துப் போட்டுவிடுவது என்றுதான் நான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். பேனா சட்டைப்பையில் இருந்தது.

அன்பரசன் கத்தியை வாங்கித் திறந்தான். வெளிச்சத்தில் பிடித்துக் கூரைப் பார்த்தான். மூடித் திருப்பிக் கொடுத்தான்.

"தப்பா நெனைக்காத பலராமா. இது நீயும் உன் மாப்ளயும் சேந்து இன்னாவோ பண்ணி வச்சிக்கிற கத்தி. அன்னிக்கு உன் கையிலயே வழுக்குச்சு. பச்சக் குழந்த தலையில நான் எடுக்க மாட்டேன். என் பிளேடு கத்தின்னா சொல்லு, அஞ்சு நிமிஷத்துல போட்டுடறேன்."

"அது இப்ப நல்லா இருக்குடா. வெள்ளிக்கெழம பாத்தல்ல?"

"பாத்தேன். உன் கைக்கு நல்லா இருக்கு. என் கைக்குத் தெரியாது."

அவன் சொன்னது சரி. அந்தக் கத்திக்கு இப்போது ஒரு கைதான் பழக்கம்.

பலராமன் கத்தியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நானே போடறேன்" என்றார்.

"அப்ப மடி?"

"என் மடியில உக்காரட்டும்" என்றாள் வேதா. "மாமன் இல்லாட்டி அத்த. யார் இன்னா சொல்லப் போறாங்க." புடவையைச் சரிசெய்துகொண்டு மணையில் உட்காரப் போனாள். அதுதான் முறை. எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

"நான் உக்காரறேன்" என்றேன்.

அன்பரசன் என்னைப் பார்த்தான். "தகப்பன் மடியில வச்சு யாரும் போடறதில்லியே."

பலராமன் என்னைப் பார்க்கவில்லை. வேதாவைப் பார்த்தார். வேதா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"எதுக்குண்ணே?"

எதுக்கு என்று எனக்குத் தெரியவில்லை. "தல ஆடாம புடிக்கணும். அந்தக் கத்தி எந்த எடத்துல தகராறு பண்ணும்னு எனக்குத் தெரியும்" என்றேன். அது உண்மைதான். ஆனால் அதற்காக நான் கேட்கவில்லை.

"அவ உங்ககிட்ட நிக்க மாட்டா."

"நிக்கலன்னா குடுத்துடறேன்."

வேதா குழந்தையின் பாவாடையைச் சரிசெய்தாள். பிறகு கொடுத்தாள்.

குழந்தையின் எடை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நினைத்ததைவிடக் கனமாக இருந்தாள். மடியில் வைத்ததும் உடம்பை விறைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். காலால் உதைத்தாள். அத்தை, அத்தை என்று கையை நீட்டினாள். பேசியபடி பார்த்தால் நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேதா கையை நீட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அழுவட்டும்" என்றார் பலராமன். "ஆடாம இருந்தா போதும். புடிங்க மாப்ள."

இடது கையால் அவள் நெற்றியையும் வலது கையால் தாடையையும் பிடித்தேன். அவள் பின்தலை என் மார்பில் அழுந்தியது. பலராமன் தண்ணீரைத் தலையில் தடவி ஊறவிட்டார். உச்சியிலிருந்து நெற்றி நோக்கி முதல் இழுப்பு. சத்தம் இல்லை. முடி கற்றையாக என் வேட்டியில் விழுந்தது.

அது பிறந்த முடி. ஒருதடவைகூட வெட்டாதது. விழுந்த கற்றைகளின் நுனி செம்பட்டையாக, மெல்லிசாக இருந்தது. அந்த நுனி அவள் கைக்குழந்தையாக இருந்தபோது முளைத்தது. உண்ணாமலை எண்ணெய் தேய்த்த முடி அந்த நுனிதான். அவள் விரல் பட்டது எதுவும் என்னிடம் மிச்சம் இருப்பதாக நான் அதுவரை நினைத்ததில்லை. இருபது மாதம் அது அடி அண்ணாமலையில் ஒரு தலையில் இருந்திருக்கிறது. நான் பத்து நிமிடம் பத்து நிமிடமாக வந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

"மாப்ள. காது."

நான் கையை எடுத்து அவள் காதைப் பெருவிரலால் முன்னால் மடித்துப் பிடித்தேன். பலராமன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தி மூக்கை வைத்தார். இழுத்தார். காதுக்குப் பின்னால் வெள்ளையாகத் தோல் தெரிந்தது. ரத்தம் இல்லை. அடுத்த காது. அதிலும் இல்லை. அழுகை எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. குழந்தை என் வேட்டியில் கிடந்த முடியை எடுத்து எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள்.

வேதா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். இன்னொரு கையில் காகிதம்.

"அண்ணே, இத அப்புறம் மறந்துடுவோம். இப்பவே..."

"வேணாம் வேதா. பேர் என் கார்டுலயே இருக்கட்டும்."

அவள் முகம் மாறவில்லை. குரல்தான் மாறியது. "போன ஐப்பசியில அஞ்சு நாள் காய்ச்சல்ல கெடந்தா. வந்தீங்களா?"

"வரல."

"பேதியாயி கெவர்மெண்ட் ஆஸ்பத்திரியில நானும் அவரும் உக்காந்திருந்தோம். வந்தீங்களா?"

"எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிக்கல."

"ஆமா. தெரிஞ்சிக்கல."

"இப்ப தூக்கிக்கினு எங்க போவீங்க? ஆணி விக்கற கடைக்கா?"

அங்கேயே யோசித்துத்தான் சொன்னேன். "உங்க தெருவுலயே ஒரு எடம் பாக்கறேன். பகல்ல உங்ககிட்ட இருக்கட்டும். ராத்திரி என்கிட்ட."

"கோடி வீடு காலியாதான் கீது" என்றார் பலராமன், கத்தியைத் துடைத்துக்கொண்டே. "எல்லம்மாள் வீடு."

"உங்கள யார் கேட்டா?" என்றாள் வேதா. அவர் கத்தியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு அன்பரசன் பக்கம் போய்விட்டார்.

வேதா காகிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்து மறுபடி இடுப்பில் செருகினாள். கிண்ணத்தில் விரலைவிட்டுச் சந்தனத்தை அள்ளினாள். குழந்தை என் மடியிலேயே இருந்ததால் அவள் என் முன்னால் குந்தி உட்கார வேண்டியிருந்தது. தலையில் அழுத்தித் தடவினாள். குழந்தை சிணுங்கியது. பிறகு மெதுவாகத் தடவினாள். தலை முழுக்கத் தடவி முடித்தாள்.

"ராத்திரியில நடுவுல எழுந்துப்பா" என்றாள், என்னைப் பார்க்காமல். "தண்ணி கேப்பா. டம்ளர்ல குடுத்தா தட்டி விட்டுடுவா. சின்ன சொம்புல குடுக்கணும். குடிச்சதும் உடனே படுக்க வைக்கக் கூடாது, கொஞ்சநேரம் தோள்ல போட்டுக்கணும். வெளக்க அணைச்சா அழுவா. வலது பக்கமா படுத்தாதான் தூங்குவா."

"சரி."

"சரின்னா ஆவாது. சொன்னத திருப்பிச் சொல்லுங்க."

சொன்னேன். தண்ணீர் டம்ளரில் என்று சொல்லிவிட்டேன்.

"சொம்பு" என்றாள் வேதா.

"சொம்பு" என்றேன்.